பாதி நேரம் தூங்கும் இன்ஜின்

— நின்னுடுச்சு.

— அதுவா நின்னுச்சு, அதுவா வரும். ஹைபிரிட் வண்டின்னா அப்படித்தானே? வாங்கின நாள்லேருந்து நீதானே எனக்குப் பாடம் எடுத்தே, நெர்கூய்.

— ஷ்ஷ். கேக்க விடு.

— எதை?

— வருதா இல்லையான்னு.

— மெதுவாப் பேசு, பாப்பா முழிச்சுக்கும். இந்தா, வந்துடுச்சு பாரு. உறுமுது. சூடும் வருது.

— இந்தத் தடவை ரொம்ப நேரம் எடுத்துக்கிச்சு.

— போன தடவையும் இதையேதான் சொன்னே.

— கடகடன்னு ஒரு சத்தம் கேட்டியா, துல்மா?

— காத்து. கணவாய் மேல இந்தக் காத்துல கல்லுகூடக் கடகடன்னுதான் சொல்லும். வெளியில பாரு, நம்ம வண்டி மூக்கே நமக்குத் தெரியல. வானம் எது தரை எதுன்னு தெரியாத பனியில நீ ஒரு சத்தத்தைக் கண்டுபுடிச்சுட்ட.

— ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லபடியா இருக்கு.

— நீ 'ஒண்ணுமில்ல'ன்னு ரெண்டு தடவை சொன்னா என்னமோ இருக்குன்னு அர்த்தம். எப்பப் போய்ச் சேருவோம்?

— துல்மா! வழியில அப்படிக் கேக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? து, து, து. கேட்டா வழி நீண்டுடும்.

— நாமதான் நகரவே இல்லையே, வழி எங்க நீளுது? மத்தியானத்துலேருந்து இதே எடத்துல நிக்கிறோம். இன்னிக்கு பித்தூன். வருஷத்துக் கடைசி நாள். பொழுது சாயறதுக்குள்ள உங்க அண்ணன் வீட்டுல உக்காந்து வயிறு முட்டச் சாப்பிட்டுட்டிருக்கணும். இன்னிக்கு வயிறு காஞ்சா வருஷம் பூரா காயும்னு உங்க அம்மா சொல்வாங்களே.

— டிக்கியில ஒரு மூட்டை பூஸ் கொழுக்கட்டை இருக்கு.

— கறி வெச்சுப் புடிச்ச கல்லா உறைஞ்சு கெடக்கு. உன் இன்ஜின் மேல வெச்சுத்தான் வேகவைக்கணும்.

— இன்ஜினை வம்புக்கு இழுக்காத. பெட்ரோலை மோந்து பாத்தே ஓடுற வண்டி இது. காலையில சக்கரத்துக்குப் பால் தெளிச்சப்ப எவ்வளவு நல்லா இருந்துச்சு? சாமிக் கல்குவியல், அந்த ஓவோவைத் தாண்டினப்ப மூணு தடவை ஹாரனும் அடிச்சேன். முறையா எல்லாம் செஞ்சாச்சு.

— முறையா உங்க அண்ணனுக்குப் போன் போட வேண்டியதுதான் பாக்கி. ஒரு கோடு சிக்னல் இருக்கு.

— போட்டு என்ன சொல்ல?

— மாட்டிக்கிட்டோம்னு சொல்லு.

— அந்த வார்த்தையை எடுக்காத! மாட்டிக்கல. நிக்கிறோம். காத்து அடங்கினதும் போவோம்.

— உனக்குப் பேர் வெச்சவங்க தெரிஞ்சுதான் வெச்சிருக்காங்க. பேரில்லாதவன்! எதுக்குமே பேர் சொல்ல மாட்டே.

— அண்ணனுக்கு அப்புறம், எனக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் தொட்டில்லயே போயிடுச்சு. என்னையும் தேடி வந்துடக் கூடாதுன்னுதான் பேரில்லாதவன்னு பேர் வெச்சாங்க. அதனாலதான் நான் இருக்கேன். கெட்டதைப் பேர் சொல்லிக் கூப்பிடாதடா, அது வீடு கண்டுபுடிச்சு வந்துடும்னு எங்கம்மா சாகிற வரைக்கும் சொன்னா. கிண்டல் பண்ற விஷயமில்ல இது.

— கிண்டல் பண்ணல. பின்னாடி ஒரு உசுரு தூங்குது. அதுக்குப் பேர் வெச்சிருக்கோம். அதை நெனச்சுச் சொன்னேன்.

— சரி, விடு. நான் எறங்கிப் புகைக்குழாயைத் தோண்டி விட்டுட்டு வர்றேன். பனி மூடுச்சுன்னா புகை உள்ள திரும்பிடும்.

— இப்பத்தானே தோண்டிட்டு வந்தே?

— மறுபடி மூடியிருக்கும்.

— என் தேல் அங்கியையும் மேல போட்டுக்கோ. வண்டியிலேருந்து கையை எடுக்காத. தொட்டுக்கிட்டே போ, தொட்டுக்கிட்டே வா.

— ம்.

— நெர்கூய்? ... நெர்கூய்! ஐயோ, எங்க போனே? நெர்கூய்!

— வந்துட்டேன், வந்துட்டேன். ஏன் கத்துற? பாப்பா?

— தூங்குது. மூக்கு நுனி ஜில்லுன்னு இருக்கு. உன் மீசையைப் பாரு, கிழவன் ஆயிட்டே. இந்தா, உப்பு டீ. பிளாஸ்க்குல இதான் கடைசி.

— நீ குடி. நீ பால் குடுக்கணும்.

— ஆளுக்குப் பாதி. குடி.

— நின்னுடுச்சு மறுபடி.

— வரும்.

— ம்.

— ஏன் அந்த ஹதக்கையே பாத்துக்கிட்டிருக்கே?

— எதை?

— மீட்டர் மேல கெடக்கிற நீலப் பட்டுத் துணியைத்தான். எப்பவும் கண்ணாடியிலதானே தொங்கும்? அங்கேருந்து எறங்கி வந்து இங்க ஏன் படுத்துக்கிச்சு?

— பண்டிகையாச்சே. வண்டிக்கும் மரியாதை வேணாமா?

— தேள் கொட்டின திருடன் மாதிரி முழிக்கிற. எடுத்துப் பாக்கட்டுமா?

— எடுக்காத! கட்டினதை வழியில அவுக்கக் கூடாது.

— அவுக்கல. இந்த ஓரத்தை மட்டும் தூக்குறேன். மஞ்சளா ஒரு விளக்கு எரியுதே, நெர்கூய்.

— மூடு.

— எண்ணெய் மாத்தச் சொல்ற விளக்கு.

— மூடு துல்மா!

— பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? எப்ப மாத்தினே எண்ணெயை?

— போன... போன குளிருக்கு முன்னாடி.

— போன வருஷக் குளிரா?

— கத்தாத, கேளு. இந்த இன்ஜின் பாதி நேரம் தூங்குது. அப்பல்லாம் பேட்டரிதான் வண்டியை இழுக்குது. தூங்கறவனுக்கு எதுக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு? மத்த வண்டிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர்னா இதுக்கு இருபதாயிரம். சந்தையில டாக்சி ஓட்டுற அத்தனை பேரும் அப்படித்தான் சொல்றான்.

— அத்தனை பேரும் சொல்றான். பால்தன் என்ன சொன்னான்?

— உன் தம்பி பேச்சை எடுக்காத. அவன் எண்ணெய் விக்கிறவன். ஐயாயிரத்துக்கு ஒருக்கா மாத்துன்னுதான் சொல்லுவான். அவன் கை என் வண்டி மேல படக்கூடாதுன்னு அன்னிக்கே சொல்லியாச்சு.

— சொன்னியே, எங்கம்மா முன்னாடி, அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி. அந்தப் பையன் சாப்பாட்டுல பாதியில எந்திரிச்சுப் போனான்.

— நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டல. பத்து நாள் முன்னாடி எண்ணெய் அளவு பாக்கிற கம்பியை உருவிப் பாத்தேன். எண்ணெய் குறையவே இல்ல. கோட்டுக்கு மேல ஏறியிருந்துச்சு!

— ஏறியிருந்துச்சா?

— ஒரு விரல் கனம். அப்பேர்ப்பட்ட வண்டி இது.

— எண்ணெய் என்ன ஆடா, குட்டி போட?

— நல்ல இன்ஜின்னு நெனச்சேன்.

— அது பெட்ரோல். இந்தக் குளிர்ல இன்ஜின் சூடேறுறதுக்குள்ள அணைஞ்சுடுது. மறுபடி ஜில்லுன்னு எந்திரிக்குது, மறுபடி அணையுது. நீ ஓட்டுறதெல்லாம் ரெண்டு தெரு, நாலு தெரு. எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமா எண்ணெயில போய்ச் சேருது. அளவு ஏறும், எண்ணெய் தண்ணியாப் போகும். முழுசாத் தூங்கறவனை விட, அரைத் தூக்கத்துல எழுப்பி எழுப்பி வேலை வாங்குறோமே, அவனுக்குத்தான் சாப்பாடு சீக்கிரம் வேணும்னு பால்தன் சொல்றான். நம்ம ஊர்க் குளிருக்கு ஐயாயிரமே ஜாஸ்தியாம்.

— அப்ப அந்தக் கடகட...

— நீதான் கேட்டே. எனக்குக் கேக்கல.

— மோந்து பாத்தேன், துல்மா. அன்னிக்குக் கம்பியை உருவினப்ப மோந்து பாத்தேன். பெட்ரோல் வாடை அடிச்சுது. என் கையில இருக்கிற வாடைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இன்னிக்கு வழியெல்லாம் டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே வந்துச்சு. எண்ணெய்க்குத்தான் அழுவுதுன்னு தெரிஞ்சும்...

— அதுக்குத்தான் பாட்டை அவ்வளவு சத்தமா வெச்சியா?

— ஆமா.

— அட பாவி.

— வரல பாரு. இன்னும் இன்ஜின் வரல. எம் புள்ளையைக் கொண்டாந்து இந்தப் பனியில...

— வந்துடுச்சு, வந்துடுச்சு. சத்தம் கேக்குதா? மூச்சு விடு. இப்பப் போன் போடு.

— போட்டா...

— பேர் சொன்னா வந்துடும்னு பயப்படறியே, அது வந்துடுச்சு. வந்து கதவுப் பக்கத்துல நிக்குது. இனிமே பேர் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்குறேன்.

— ஹலோ, கோம்போ அண்ணா? நான்தான், நெர்கூய்.

— டேய் தம்பி! எங்கடா இருக்கீங்க? உங்க அண்ணி தட்டுல பலகாரத்தை மலையா அடுக்கிட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டிருக்கா. ஆட்டு வால்கறி உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்.

— வந்துக்கிட்டே இருக்கோம் அண்ணா. எல்லாம் நல்லபடியா...

— நெர்கூய். சொல்லு.

— என்னடா, பின்னாடி துல்மா என்ன சொல்றா?

— அண்ணா, மாட்டிக்கிட்டோம்.

— என்ன?

— கணவாய் மேல மாட்டிக்கிட்டோம் அண்ணா. ஓவோவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துல. மத்தியானத்துலேருந்து நிக்கிறோம். பாப்பா இருக்கு. இன்ஜின் எண்ணெய் கெட்டுப் போச்சு, நான்தான் மாத்தாம விட்டுட்டேன். எப்ப வேணாலும் நின்னுடும். நீங்க வாங்க. வரும்போது எண்ணெய் கொண்டுவாங்க.

— மத்தியானத்துலேருந்தா? மத்தியானத்துலேருந்து இதை வாய்க்குள்ள போட்டு என்னடா மென்னுக்கிட்டிருந்தே, கழுதை? அந்த ஜப்பான் சோப்பு டப்பாவை வாங்காதன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேன். சரி, ருஷ்ய ஜீப்பை எடுக்கிறேன். கொட்டாயில ஒரு டின் எண்ணெய் கெடக்கு, எடுத்துக்கிட்டு வர்றேன். வண்டியை விட்டு எறங்கி நடக்காதீங்க. கேக்குதா? என்ன ஆனாலும் நடக்...

— அண்ணா? அண்ணா! போன் செத்துப் போச்சு. குளிருக்கு இதோட பேட்டரியும் போயிடுச்சு.

— கேக்க வேண்டியதைக் கேட்டுட்டார். போதும்.

— சொல்லிட்டேன், துல்மா.

— சொல்லிட்டே.

— ஒண்ணும் ஆகல.

— ஆகல. இப்ப நான் ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது, பாப்பா தூங்குது.

— என்ன?

— எண்ணெய் கெடல. புதன்கிழமை மத்தியானம் நீ குறட்டை விட்டுக்கிட்டிருந்தே. வண்டியை எடுத்துட்டுப் போய் மாத்திட்டு வந்துட்டேன்.

— எங்க?

— எங்கன்னு கேக்கிறியே. பால்தன்கிட்டதான்.

— அவன் கை...

— பட்டுச்சு. ரெண்டு கையும் பட்டுச்சு. பழைய எண்ணெயை எறக்கினான், கறுப்புத் தண்ணியா ஓடுச்சு. புதுசை ஊத்தினான். மாமாகிட்டச் சொல்லாத அக்கா, அவருக்குச் சங்கடமா இருக்கும்னான்.

— அப்ப இந்த விளக்கு?

— இதுக்கு எண்ணெய் புதுசா பழசான்னு தெரியாதாம். ஓடின தூரம்தான் தெரியுமாம். மாத்தினவங்க அணைச்சு விடணும். உள்ள பூரா ஜப்பான் எழுத்து, எங்க அமுக்கணும்னு அவனுக்குப் புரியல. பண்டிகை கழிச்சு ஆளைக் கேட்டு அணைக்கிறேன்னான்.

— ஆக ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமில்லாததுக்கு அண்ணனை இந்தப் பனியில இழுத்துவிட்டுட்டேன். என் உசுரே போயி வந்துச்சு, நீ பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியா? முன்னாடியே சொன்னா என்ன?

— சொல்லியிருந்தா போன் போட்டிருப்பியா?

— போட்டிருப்பேன்.

— போட்டிருக்க மாட்டே. 'எண்ணெய் புதுசு, எல்லாம் நல்லபடியா இருக்கு'ன்னு காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்ப. எனக்கு எண்ணெயை நெனச்சுப் பயமில்ல, நெர்கூய். வெளிச்சம் போகுதேன்னு பயம். புள்ளை மூக்கு ஜில்லுன்னு இருக்கேன்னு பயம். நீ பயந்தாத்தான் வாயைத் திறப்பே. அதான் பயப்படட்டும்னு விட்டேன்.

— நீ பொல்லாதவ.

— பேரில்லாதவனைக் கட்டிக்கிட்டா பொல்லாதவளா இருந்தாத்தான் காலம் ஓடும்.

— நாளைக்குப் பண்டிகைக்கு மொத போன் பால்தனுக்குப் போடறேன்.

— போடு. அவன் அழுதுடுவான்.

— துல்மா.

— ம்.

— இப்ப நின்னு எவ்வளவு நேரமாச்சு?

— எது?

— இன்ஜின். நீ புதன்கிழமைக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சதுலேருந்து சத்தமே இல்ல.

— வரும். அதுவா நிக்கும், அதுவா வரும்.

— பட்டனை அமுக்கிப் பாக்குறேன். வண்டிக்குள்ள அந்த ஜப்பான்காரி குரல்தான் பேசுது, எப்பவும் சொல்றதைச் சொல்லுது. இன்ஜின் வரல.

— மறுபடி அமுக்கு.

— அமுக்கிட்டேன்.

— எண்ணெய் புதுசு, சத்தியமாப் புதுசு. நானே பக்கத்துல நின்னு பாத்தேன்.

— நம்புறேன். அப்ப இது எண்ணெய் இல்ல. வழியெல்லாம் டிங் டிங்னு அடிச்சதும் எண்ணெய்க்கில்ல.

— ஹதக்கை எடு.

— துல்மா...

— ஓரத்தை இல்ல. முழுசா எடு.

— எடுத்துட்டேன்.

— என்ன தெரியுது? வாயைத் திறந்து பேரைச் சொல்லு!

— பெட்ரோல். ஒரு கோடுகூட இல்ல, துல்மா. அண்ணன் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கிட்டு வந்துக்கிட்டிருக்கார்.