கோர்ட்டுக்குப் போன ஜாதகம்

"அலோ... அலோ... அவலூர்பேட்ட சம்பந்திங்களா? ... ஆமா, ஆமா, நான்தாங்க. சிங்கவரம் மீனம்பா. ஜெயஸ்ரீயோட அம்மா. ... நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம். நீங்க? ... மாப்ள? மாப்ள நல்லா இருக்காரா? ஓசூர்ல வேல, கைநெறய சம்பளம்னு சொன்னீங்களே, அந்த மாப்ள?"

மீனம்பாளின் குரலில் தேன் சொட்டியது. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் அவளோடு வேலை செய்பவர்கள் யாராவது அந்தக் குரலைக் கேட்டிருந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அவள் கோபமாகக் கத்தினால் பயமில்லை. இனிக்க இனிக்கப் பேசினால்தான் எவனுக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பின்னால் மலை மறைக்கிறது. போன் பேச வேண்டுமென்றால் வாசலுக்கு எதிரே இருக்கும் மதகுக் கட்டைமேல் ஏறி நிற்க வேண்டும். அதற்குப் பத்தடியில் தெருக்குழாய். மணி நாலு, தண்ணி வரும் நேரம். குடத்தோடு ஆறு பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் ராஜம்மாளும் ஒருத்தி. அவள் காதில் விழுந்தது இருட்டுவதற்குள் செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடும்.

"இன்னாது? இன்னும் வூட்ல கலந்து பேசலியா? ... சரி, சரி. யார கலந்து பேசணும்? ஜட்ஜையா? ... ஏன் சத்தமே காணோம்? ... அலோ? ... யோவ், வச்சிடாத! வச்சின்னா அடுத்த பஸ் ஏறி உன் ஆபீசுக்கே வந்து நிப்பேன். எங்க இருக்குதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. ... ஆமா, வக்கீல். எங்க வக்கீல் வளவன் சாரு. இப்ப புரிஞ்சிதா நான் யாருன்னு?"

போன மாதம் ஒரு நல்ல நாளில் அந்த மனிதன் வந்தான். பெயர் எழிலரசன் என்றான், பையனுக்குத் தாய்மாமன் என்றான், கூடவே அக்கா என்று ஒரு பட்டுப்புடவையை அழைத்து வந்திருந்தான். கேசரி சாப்பிட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், ஜாதகம் வாங்கிக்கொண்டு போனார்கள். உண்மையில் அவனுக்கு ஓசூரில் மருமகனும் இல்லை, அவலூர்பேட்டையில் வீடும் இல்லை. ஜெயஸ்ரீ வந்த ஷேர் ஆட்டோவைப் போன வருஷம் ஒரு லாரி இடித்துத் தள்ளியதே, அந்த லாரிக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனி அனுப்பிய ஆள் அவன். விபத்தில் மனசு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று ஜெயஸ்ரீ நஷ்ட ஈடு கேட்டிருந்தாள். அது நிஜமா என்று துப்பறிய வந்தவன்.

வக்கீல் இன்று காலையில் ஜெயஸ்ரீ வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார், பிறகு மீனம்பாளுக்கும் சொன்னார். அவள் பாதி வேலையில் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு ஒன்றுமே இல்லை என்றா அவர்களிடம் சொன்னாய் என்று அம்மாவிடம் ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்குப் பிறகு அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா எழுதி குடுத்துக்கிற கோர்ட்டுக்கு? நானே சொல்றேன், கேளு. வக்கீல் படிச்சிக் காட்டனாரு. பொண்ணு தெனம் நடந்து வேலைக்குப் போகுது, திடகாத்திரமா இருக்குது, வூட்ல வரன் பாக்கறாங்க, மனசு பாதிப்புன்னு சொல்றதெல்லாம் நடிப்பு. ... ஆமா, நடிப்புன்னுதான் எழுதிக்கிற. அய்ய! இன்னா எழுத்துய்யா உன் எழுத்து! துன்ன கேசரிய பத்தி ரெண்டு வரி எழுதுனியா? இல்ல, அது கம்பெனி கணக்குல வராதா?"

குழாயடியில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"உன் வேலதான் இதுன்னா, கம்பெனிக்காரன்னு சொல்லிகினு நேரா வர்றதுக்கு இன்னா? வாசல்ல நிக்க வச்சி பதில் சொல்லியிருப்பேன். ... சொல்ல மாட்டேனா? நீ எப்பிடி சொல்ற நான் சொல்ல மாட்டேன்னு? ... உங்கூட வந்துதே ஒரு அக்கா, அது யாரு? ஆபீசுல டைப் அடிக்குதா? முந்திரி பத்தலன்னு சொல்லிகினே மூணு தட்டு கேசரி உள்ள தள்ளிச்சே மகராசி! எங்க வூட்டுக்காரரு அன்னிக்கு கடலக்கொல்லைக்குக்கூட போவாம வெள்ள வேட்டி கட்டிகினு உனக்கு வெசிறி வுட்டாரு. கரண்ட் இல்லன்னு. உனக்கு வேர்க்கக் கூடாதாம்!"

அவன் ஏதோ நீளமாகச் சொன்னான். மீனம்பாள் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, ஏதோ நாற்றம் வருவதுபோல் முகத்தைச் சுளித்தாள்.

"சரி... சரி... சட்டம், ம்... ரூல்ஸு, ம்... முடிச்சிட்டியா? அந்த ஜாதகம் எங்க? ... தெரியாத மாதிரி கேக்காத. நாலு மூலையிலயும் மஞ்ச தடவி, சாமி படத்தாண்ட வச்சி எடுத்து, ரெண்டு கையால குடுத்தேன். பொருத்தம் இல்லன்னா திருப்பிக் குடுக்கணும். அதான் மொற. காசுக்கு வரன் பாக்கற தரகருகூட திருப்பிக் குடுத்துடுவான். நீ அத கொண்டும்போயி நம்பர் போட்டு கோர்ட்டு கட்டுல கோத்துட்டியாமே! எங்க ஊர்ல திருடன்கூட மஞ்ச தடவுனத தொட மாட்டான்யா! ... இன்னா? ... இன்னா கேட்ட? இன்னொரு வாட்டி கேளு."

அங்கேதான் மீனம்பாளின் வேகம் தடுக்கி விழுந்தது. மதகுக் கட்டையில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள்.

"அன்னிக்கு உங்கிட்ட சொன்னது பொய்யா, கோர்ட்ல சொல்றது பொய்யான்னா... அது... அது வந்து... ஏன்யா, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட எந்தப் பெத்தவ உள்ளத உள்ளபடி சொல்லுவா? சும்மா ஒரு பேச்சிக்கு, விபத்தெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, மூணு தையலோட போச்சி, கண்ணு பட்டது கழிஞ்சிதுன்னு சொல்றதுதான். உங்கூட்ல மட்டும் இன்னா சொன்னாங்க? உனக்குப் பொண்ணு கேட்டு போனப்ப உங்கம்மா, எம் புள்ள கம்பெனில ஆபீசருன்னுதான சொல்லியிருக்கும்? வூடு வூடா பூந்து கேசரி துன்னுட்டு கோள் எழுதற வேலன்னா சொல்லிச்சி?"

நல்ல அடிதான். வேறொரு நாளாக இருந்தால் அதோடு வெற்றி என்று போனை வைத்திருப்பாள். ஆனால் அவன் விடவில்லை. அதே கேள்வியை, குரலைக்கூட உயர்த்தாமல், மறுபடியும் கேட்டான்.

மீனம்பாள் குழாயடியைப் பார்த்தாள். ராஜம்மாளின் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூட யாருக்கும் கை வரவில்லை. இந்த ஆறு பேருக்கும் ஒரு வருஷமாக அவள் சொல்லி வைத்திருந்தது கொஞ்சமா? பெண் ஏன் பஸ்ஸில் போவதில்லை? உடம்பு குறையட்டும் என்று நடக்கிறாள். இடது கையில் ஏன் வளையல் இல்லை? இப்போது அதுதான் ஃபேஷன். ஏன் இளைத்துவிட்டாள்? அல்சர். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு எதற்கு? அதே அல்சர். எல்லாவற்றையும் அவள் இதே மதகடியில் நின்று, இதே முகங்களுக்கு, சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். மனசுக்கு மருந்து சாப்பிடுகிறாள் என்று ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும், செஞ்சிக் கோட்டையைச் சுற்றி எந்த ஊரிலிருந்தும் ஒரு வரன் வராது என்று அவள் பயந்தாள். அவளுக்கு அது கோர்ட்டைவிடப் பெரிய பயம்.

"ரெக்கார்டா? ... எப்போலருந்து? ... அலோன்னதுலருந்தேவா? ... அப்பிடியா."

வாசற்படியில் நிழல் ஒன்று அசைந்தது. ஜெயஸ்ரீ எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லதா போச்சி. போன நல்லா வாய்கிட்ட வச்சிப் பேசறேன், வுடாம புடிச்சிக்க. போன வருசம் ஆடி மாசம். எம் பொண்ணு அவலூர்பேட்டையிலருந்து ஷேர் ஆட்டோல வந்துது. உங்க லாரி ஜல்லி ஏத்திகினு வந்து இடிச்சிது. ஆட்டோ கவுந்து போச்சி. இவளுக்கு தாடையில மூணு தையலு, அவ்ளோதான், அன்னிக்கு நான் சொன்னது சரிதான். பக்கத்துல ஒரு பொம்பள. மண்டகப்பட்டு ஆளு. பேருகூட தெரியாது, அன்னிக்குத்தான் பாத்துது. கவுந்த ஆட்டோக்குள்ள அந்தப் பொம்பள இவ எடது கைய புடிச்சிகினு தண்ணி கேட்டுதாம். ... கேளு, குறுக்க பேசாத. புடிச்சது புடிச்சபடியே உசுரு பூட்ச்சி. வண்டிய தூக்க முக்கா மணி நேரம் ஆச்சிய்யா! முக்கா மணி நேரம்! அப்பறம் அந்த வெரல ஒண்ணொண்ணா பிரிச்சி எடுத்தாங்க."

குழாயடியில் சிரிப்பு நின்று வெகு நேரமாகியிருந்தது.

"தெனம் நடந்து போகுதுன்னு பெருசா எழுதினியே, ஏன் நடக்குதுன்னு கேட்டியா? ரோட்லயா நடக்குது? கடலக்கொல்ல வரப்பு வழியா சுத்திகினு போகுதுய்யா. ஆட்டோ சத்தம் கேட்டா அங்கியே குந்திக்குது. பஸ்ஸுல ஏத்தினா இவளுக்கு மூச்சி வாங்குது. இதுக்கு டாக்டர் ஒரு பேரு எழுதியிருக்காரு, என் வாயில நொழையல. ஆனா உள்ளது உள்ளதுதான்."

"அன்னிக்கு உங்க அக்கா, பூ வச்சிட்டு, பாசமா கைய புடிச்சி பக்கத்துல இழுத்து உக்கார வச்சிதே. எந்தக் கை? ... யோசி. நீதான் எல்லாத்தையும் கவனிச்சி எழுதறவனாச்சே. ... எடது கை. வெடுக்குன்னு உருவிகினு உள்ள ஓடிச்சா? நான் இன்னா சொன்னேன்? ... ஆமா. பொண்ணு வெக்கப்படுதுன்னு சொன்னேன். நீ சிரிச்ச. நானும் சிரிச்சேன். எம் பொண்ணு அப்ப கொல்லப்பக்கம் வாந்தி எடுத்துகினு இருந்துது."

அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்து அவனைத்தான் திட்டினாள்.

"த்தூ! நீயெல்லாம் ஒரு மனுசன்! அன்னிக்குக் காத்தால அந்தக் கைக்கு வளையல் போட்டது யாரு தெரியுமா? நானு. வேணாம்மா வேணாம்மான்னு அழுவுது. மாப்ள வூட்டுக்காரங்க மொட்டக் கைய பாத்தா இன்னா நெனப்பாங்கன்னு, சோப்பு போட்டு, அந்தக் கையவே அமுக்கிப் புடிச்சி ஏத்துனேன். எம் பொண்ணு கைய. யாருக்கோசரம்? உனக்கோசரம்யா! உன்னப்போல ஒருத்தன் மெச்சிக்கணும்னு!"

கதவைப் பிடித்திருந்த ஜெயஸ்ரீ அழவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செய்தி கொண்டுபோகும் ராஜம்மாள், எதற்கென்று தெரியாமல் தன் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"... இன்னா? கோர்ட்ல வந்து சொல்லுவியான்னா? திங்கக்கெழம கேஸு வருதில்ல, வரேன்யா. கூண்டுல ஏத்து. இங்க தெருவுலயே சொல்லிட்டேன், அங்க இன்னா? ... பொய் சொன்னதுக்கு என்மேல கேஸு வருமா? ... வரட்டும். ... ஆமா, ஆமா, வரட்டும். ஜெயில்லயும் சோறாக்க ஆள் வேணும்ல. ... கல்யாணமா? அத பத்தி நீ கவலப்படாத. உண்மைய கேட்டுட்டு எவன் வரானோ அவன் வரட்டும். கேசரி அவனுக்குத்தான். ... இன்னாது, மன்னிப்பா? உன் மன்னிப்ப எடுத்துனு போயி அந்த ஜாதகத்தோட கோத்து வையி."

கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. பிறகு ஏதோ நினைத்து, போனை மறுபடியும் காதில் வைத்தாள்.

"இருக்கியா? ... ரெக்கார்டு ஓடுதா? ... கடைசியா ஒண்ணு. நடிக்குதுன்னு எழுதின பாரு, அந்த எடத்துல எம் பொண்ணு பேர அடிச்சிடு. எம்பேர எழுது. இந்த ஒரு வருசமா நடிச்சது நானு. மீனம்பாள். நல்லா பெருசா எழுது. வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். திரையில் 'சம்பந்தி' என்ற பெயர் கொஞ்ச நேரம் இருந்து அணைந்தது. ராஜம்மாள் எட்டிக் குழாயை மூடினாள். மீனம்பாள் யாரையும் பார்க்காமல் மதகுக் கட்டையிலிருந்து இறங்கி, வாசலுக்கு நடந்து, மகளுக்கு வலது பக்கமாகப் போய் நின்றாள்.