இரண்டு துளை

குதிரைக்கும் கள்ளம் இருக்கிறது, தம்பி. சேணம் கட்டும்போது வயிற்றை ஊதிக்கொண்டு நிற்கும். பத்து நிமிடம் நடந்தால் காற்றை விட்டுவிடும், வயிற்றுப்பட்டி தளர்ந்துபோகும். அதனால் ஓட்டம் தொடங்குமுன் ஒருவர் பட்டியை மற்றவர் இரண்டு துளை இறுக்கிவிடுவோம். எங்கள் குதிரையோட்டக் கழகத்து வழக்கம் அது. பொலிசில் இருக்கிற உங்களுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை.

நாங்கள் ஒருவரும் காசுக்கு ஓடுவதில்லை. விக்டோரியா மகாராணி காலத்துக் கனவான்கள் மாதிரி, வேலி பாய்ந்து வெல்கிற மரியாதை ஒன்றே போதும். யூனியன்வில்லில் நான் பல் டொக்டர். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், "குதிரைக்காரர் நீக்கிலாஸ்" என்றுதான் சனம் காட்டும். எட்டு வருடம் அந்தப் பெயரோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

றொய்சனைக் குதிரையில் ஏற்றியதே நான்தான். பிறம்ரனில் ட்ரக் ஓடுகிறவன். விழுந்து எழும்பிப் பழகினான். கடைசி மூன்று வருடமும் கோப்பை அவனுக்கு. போன நத்தார் விருந்துக்கு அவன் வந்து வாசலில் நிற்க, என் மனைவி ஜோசப்பினே உள்ளே திரும்பிச் சத்தம் போட்டாள்: "எங்கட குதிரைக்காரன் வாறான்!" எனக்குப் பொறாமை இல்லை. சிரித்துக்கொண்டு ரோல்ஸ் தட்டை அவனிடம் நீட்டினேன்.

இந்த வருட ஓட்டத்தன்று காலை நான் முதலில் ஏறினேன். றொய்சன் கீழே நின்று என் பட்டியை இழுத்தான். "இரண்டு துளை அண்ணை. இப்ப சரி." பிறகு அவன் ஏறினான். நான் என் குதிரையிலிருந்தே குனிந்து அவன் சேணத்துக்குக் கீழே கையை விட்டேன். பட்டிக்குள் மூன்று விரல் தாராளமாகப் புகுந்தது. கையை வெளியே எடுத்து, சேணத்தில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"இறுக்கியாச்சோ அண்ணை?"

"ஓம். யோசிக்காம ஓடு."

நீங்கள் காட்டுகிற படத்தில் அவன் பட்டியின் கொளுக்கி முதல் துளையில் நிற்கிறது, உண்மைதான். ஆனால் நான் எதையாவது அறுத்தேனா, கழற்றினேனா? கை வைக்காத காரியத்துக்கு ஒரு மனிசனை எப்படிக் குற்றம் சொல்லலாம்? நாலாம் வேலியில் அவனுடைய சேணம் சுழன்றது. பின்னால் வந்த குதிரைகளுக்கு விலக இடமில்லை. "அண்ணை" என்று கூப்பிட்டான். கேட்டது. எனக்கு இன்னும் இரண்டு வேலி இருந்தது.

செத்தவீட்டில் அவன் மனைவி ஸ்டெபனி என் கையைப் பிடித்துக் குழறினாள். "உங்களை நம்பித்தானே அண்ணை ஏறினவர்." நானும் அழுதேன், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். ஜோசப்பின் மட்டும் அழவில்லை. அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, என் கையைத்தான் பார்க்கிறாள். பெண்களுக்கு எதிலும் சந்தேகம்.

எழுதியதைத் தாருங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஒரு சின்ன உதவி, தம்பி. கோப்பையில் இன்னும் என் பெயரைப் பொறிக்கவில்லை. கழகத்துக்கு நீங்கள் ஒருக்கால் ஞாபகப்படுத்துங்கள். நேர்மையாக ஓடி வென்றது.