தள்ளு என்று சொன்னவன் பேசுகிறேன்

தலைநகர் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு ஒரு தலையாய அறிவிப்பு! நெஞ்சைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். போண்டா இருக்கிறது; சட்னி தீர்ந்துவிட்டது. அந்தப் பேரிழப்பைத் தாங்கியபடியே என் உரையைத் தொடங்குகிறேன்.

மைக்கைத் தர மனமில்லாமல் தந்த மன்றத் தலைவர் சந்திரமௌலி மாமா அவர்களே! சரோஜினி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் பெரியோர்களே! பேரம் பேசியே இந்தப் பட்டணத்தைப் பணியவைத்த தாய்மார்களே! பதினோராம் வகுப்பு கௌஷிக்கின் பணிவான வணக்கம்.

நம் மன்ற உறுப்பினர் விவரமெல்லாம் கணினிக்குள் குடியேறிவிட்டது. குடியேற்றியது எது? லோடர் என்னும் கருவி. பழைய ஃப்ளாப்பியில் உள்ளதை வாரி வாரிப் புதிய தரவுத்தளத்தில் கொட்டும். ஆனால் கொட்டுமுன், ஒவ்வொரு பெயரிடமும் ஒரு கணம் நின்று நம்மைக் கேட்கும்: ‘இவரை என்ன செய்ய?’ அதற்குப் பதில் சொல்ல நாமே எழுதிச் செருகும் குட்டி நிரலுக்குப் பெயர் யூசர் எக்ஸிட். அந்த நிரல் பூஜ்யம் என்று பதில் சொன்னால், உள்ளே விடு என்று பொருள். நான்கு என்றால் தள்ளு. அதை எழுதியவன் யார்? அடியேன்! ஒரே மூச்சில் எழுதினேன்! ஒருவரையும் கேட்காமல் எழுதினேன்!

என்ன, பின்வரிசையில் ‘ஜல்தி, ஜல்தி’ என்று அவசரப்படுத்துகிறீர்களா? ஐயா, அந்த ஜல்திதான் என் கதையே.

சென்ற வாரம் வள்ளியம்மை ஆன்ட்டி மன்றத்துக்கு வந்தார். மகள் சிந்து அக்காவுக்குத் தையில் கல்யாணம். இந்த மண்டபத்தைத்தான் நம்பியிருந்தார். மண்டபமோ உறுப்பினருக்கு மட்டும்.

“கம்ப்யூட்டர்ல உங்க பேரே இல்லையேம்மா. அதே தேதிக்கு இன்னொருத்தர் கேக்கறார். நாளைக்குப் பதில் சொல்லணும்,” என்றார் சந்திரமௌலி மாமா.

“நான் மெம்பர் இல்லையா? இந்தக் கட்டடத்துக்குக் கல்லு இறங்கினப்ப கூட நின்னவ சார் நான். பத்திரிகை அடிச்சாச்சு. இனிமே எங்க போவேன்?”

ஏன் இல்லை? அவர் பெயர் வள்ளியம்மை. அவ்வளவுதான். குடும்பப் பெயர் கேட்கும் சர்நேம் கட்டம் காலி. சர்நேம் காலியென்றால் குப்பை, தள்ளு என்று எழுதியிருந்தேன் நான். அவரோடு சேர்ந்து ஒற்றைப் பெயர்க்காரர்கள் அத்தனை பேரும் வெளியே!

யோசித்துப் பாருங்கள். ‘சர்நேம் க்யா ஹை?’ என்று கேட்காத கவுன்டர் இந்த ஊரில் உண்டா? கேட்டுக் கேட்டே என் அப்பா ராமசுப்ரமணியன் என் பெயருக்கு வாலானார். வால் முளைத்தவன் நான், வால் இல்லாதவரைக் குறையுள்ளவர் என்று நினைத்துவிட்டேன். வேற்றூர்க்காரன் எழுதியிருந்தால் மன்னிக்கலாம். தமிழ் மன்றத்துக்காக, தமிழ்ப் பையன் நான், தமிழ்ப் பெயர்களைத் தள்ளும் நிரல் எழுதினேனே! கருவியா தள்ளியது? இல்லை, தாய்மார்களே! கருவி நின்றது. கருவி பணிவாகக் கேட்டது. தள்ளு என்றது நான்!

இப்போது அந்த நிரலுக்கு இன்னொரு வழியும் தெரியும். புரியாத பெயர் வந்தால், அதைத் தனிக் கோப்பில் உட்காரவைத்துவிட்டு, ‘மனிதர் யாராவது வந்து பாருங்கள்’ என்று சொல்லும். தெரியாததைத் தள்ளாமல் இருப்பதே அறிவு! தெரியாததைக் கேட்டு அறிவதே பண்பு! திருத்தி எழுதிய மேதைக்காகக் கை தட்டுங்கள்! இன்னும் பலமாகத் தட்டுங்கள்!

போதும், போதும். மூன்றாம் வரிசையில் சிந்து அக்கா முறைக்கிறார். நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். அம்மா வந்துபோன அன்று மாலையே மன்றத்துக்கு வந்தார்.

“நகருடா. என் கல்யாணத்துக்கு நானே கோட் எழுதிக்கிறேன்.”

எழுதினார். அம்மா பெயர் உள்ளே வந்தது, மண்டபமும் கிடைத்தது. அந்தத் திருத்தத்தில் என் பங்கு, டீ வாங்கி வந்தது.

சட்னி இல்லாமலும் பொறுமை காத்த உங்களுக்கு நன்றி. அக்காவுக்கு வாழ்த்து. தையில் இதே மண்டபத்தில், இலை முன்னால் சந்திப்போம். அன்று நான் பரிமாற மட்டும் செய்வேன். யாரை உள்ளே விடுவது என்று என்னைக் கேட்காதீர்கள். வணக்கம்!