வட்டத்தில் மிச்சமிருந்த வெளிச்சம்

உங்கள் ஸ்டேஷனில் தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. தோட்டத்தில் எங்களுக்குக் கிடைப்பது சலித்து ஒதுக்கிய தூசி. நல்ல தூளைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் வேலைதான் எனக்கு. பெட்டியின் உள்ளே ஈயத் தகடு வைத்துப் பற்றவைப்பேன். வெளியே தோட்டத்து மார்க்கைப் பதிப்பேன்.

செத்துப்போன பழனியாண்டி அதே தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டவன். எங்கள் ஓட்டுரிமையைப் பறித்த வருடம் இந்தத் தோட்டத்துக்கு வந்தான். தனியாள் என்று, ஆட்களை மேற்பார்க்கிற கண்டாக்கையா அவனை லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராவில் போட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே உலைதான். வேலை முடிந்து வந்தால் கதவை இரண்டு தடவை தட்டுவான், கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை தட்டுவான். அந்தக் கடைசித் தட்டுக்கு முன்பே நான் எழுந்திருப்பேன். எனக்கென்று இந்த மலையில் வேறு யாரும் கதவைத் தட்டியதில்லை.

அவனிடம் ஒரு வித்தை இருந்தது. தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் மூழ்கி உட்காருவான். மேலே மூடி போட்டுப் பூட்டுவார்கள். தானாக வெளியே வருவான். மூடியின் உட்பக்கம் ஒரு கம்பி. அதை இழுத்தால் கீல் கழன்றுவிடும். அதைச் செய்துகொடுத்தவன் நான். மாரியம்மன் திருவிழாவில் முதல்முறை காட்டியபோது சனங்கள் பயந்துபோய்ப் பாதியிலேயே பூட்டைத் திறந்துவிட்டார்கள். அவனுக்குப் பெரிய அவமானம்.

"எவ்வளவு நேரம் மிச்சம் இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும்ண்ணே. தெரிஞ்சா சனங்க பொறுத்துக்குவாங்க" என்றான்.

அதற்காகத்தான் அந்தக் கடிகாரத்தைச் செய்தேன். சட்டத்தில் வேட்டித் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு வட்டத்தை விட்டு மற்றதெல்லாம் கறுப்புப் பூசினேன். பின்னால் பெட்ரோமாக்ஸ். இரண்டுக்கும் நடுவே விசிறி போல விரிகிற தகரத் துண்டுகள். நான் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, வட்டத்தை இருட்டு ஓரத்திலிருந்து தின்றுகொண்டே போகும். முழுக்க இருண்டால் மூன்று நிமிடம். அதற்குள் அவன் வராவிட்டால் பூட்டைத் திறக்க வேண்டும். தொழிற்சாலைக் கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றிச் சுற்றி என் கைக்கே நேரம் பழகியிருந்தது. அவன் எப்போதும் பாதி வெளிச்சத்திலேயே வெளியே வந்துவிடுவான். அந்த வட்டம் சிறுத்துக்கொண்டு வரும்போது காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் ஒரு குழந்தைகூட அழாது. அதில் எனக்கு இப்போதும் பெருமைதான்.

எங்கள் தோட்டத்து நேரம் உங்கள் டவுன் நேரத்தைவிட முந்தி ஓடும், ஐயா. ஆட்கள் சீக்கிரம் வேலைக்கு வரவேண்டும் என்று துரை அப்படி வைத்திருக்கிறார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. சங்கு ஊதினால் எங்களுக்கு விடிந்துவிட்டது. காட்டுகிற நேரத்தை நம்பிப் பழகிய சனம். அவன் செத்த அன்று முன்வரிசையில், தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் என் வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீப்பாய்ப் பூட்டின் சாவி காளியாயியிடம் இருந்தது. கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். வெளிச்சம் முழுக்கப் போகும்வரை பூட்டைத் தொடமாட்டேன் என்று அவளைக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தவன் பழனியாண்டியேதான். இந்த வருடத் திருவிழாவுக்கு முந்தின வாரம் என்னிடம் சொன்னான்.

"காளியாயியக் கட்டிக்கிட்டு அவ தோட்டத்துலயே பேர் பதிஞ்சுக்கப் போறேண்ணே. நீங்க ஒத்தையா இருந்துக்குவீங்கல்ல?"

இருந்துக்குவேன் என்றேன். அவன் நிம்மதியாகச் சிரித்தான். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. இந்த வயதில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

திருவிழா அன்று பொழுது சாய்கிற நேரம் அவன் பீப்பாய்க்குள் இறங்கினான். தப்பு மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். நான் கைப்பிடியைச் சுற்றினேன், வழக்கத்தைவிட மெதுவாக. சனங்கள் இன்னும் கொஞ்சம் ரசிக்கட்டுமே என்று நினைத்ததாக, இங்கே வந்ததும் முதலில் உங்களிடம் சொன்னேன். பாதி வெளிச்சம் போனது. அவன் வரவில்லை. பீப்பாய் என் துணிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. உள்ளே தட்டினான்.

"அண்ணே, என்னமோ சத்தம் கேக்குதுங்களே. தொறந்துரட்டுமா?" என்று காளியாயி துணிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"வெளிச்சம் இருக்குதுல்ல தங்கச்சி. அவன் மானம் போயிரும். பொறு" என்றேன்.

பொறுத்தாள். சத்தியம் செய்தவள் வேறென்ன செய்வாள். நான் இன்னும் மெதுவாகச் சுற்றினேன். தட்டுவது நின்ற பிறகும் வட்டத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அதையும் அவசரப்படாமல் முடித்தேன்.

மூடிக் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்ததாக டீமேக்கர் ஐயா சொல்லியிருப்பார். துரு இல்லை, ஐயா. ஈயம். அன்று மத்தியானம் நான்தான் பற்றவைத்தேன். தேயிலைப் பெட்டிக்குப் பற்றவைப்பதைப் போலவே சுத்தமாகச் செய்தேன். அவனைக் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அவன் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

இதைச் சொல்ல டிக்கோயா வழியாக நடந்தே வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. லயத்தில் எல்லோரும் காளியாயியைத்தான் சொல்கிறார்கள். அவளும் தலையில் அடித்துக்கொண்டு, நான்தான் கொன்னுட்டேன், என்னையத்தான் கூப்பிட்டாரு, நான்தான் தொறக்கல என்று அழுகிறாளாம். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவளுக்கு என்ன தெரியும்? தப்புச் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. நான் காதை வைத்துக் கேட்டேன். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று.

அவன் என்னைத்தான் கூப்பிட்டான், ஐயா. அவள் பெயரைப் போடாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.