ஒரு சாண் தள்ளி விழுந்த வெள்ளைப் புள்ளி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவி போஹ்தானா அம்மையார் அவர்களே! மரமறுக்கும் ஆலைக்கு விரலைக் கொடுத்தாலும் வீறாப்பைக் கொடுக்காத பெரியவர்களே! சேற்றுச் சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே இந்தச் சங்கத்தை வாழவைத்த தாய்மார்களே! முன்வரிசையில் நாற்காலி நுனியில் அமர்ந்திருக்கும் எங்கள் பயிற்சியாளரே! யாசென்கா மைதானத்தை மிதித்த கால்கள் அத்தனைக்கும் கோடு போட்ட கிழவன் ஷிமோனின் வணக்கம்.

பெல்கிராதில் நம் நாட்டவர் ஜெர்மானியரை வென்று ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையைத் தூக்கிய ஆண்டு அது. ஆலையின் பழைய புகைபோக்கியை இடித்த ஆண்டு. மே மாதப் பனியில் பிளம் பூவெல்லாம் கருகி, சாராயம் காய்ச்சப் பழமின்றி ஊரே வாடிய ஆண்டு. அந்த ஜூன் மாத ஞாயிறு மாலையில்தான் பெல்கிராதின் இறுதிப் போட்டி. பிற்பகலில் நம் மைதானத்தில் நம் போட்டி. சமன் செய்தாலே மேல்பிரிவு, தோற்றால் ஒன்றுமில்லை.

கோலுக்குக் காவல் வெந்தெலின் கிராய்ச்சிக். வயது இருபத்திரண்டு, அணியில் எல்லோருக்கும் இளையவர். அவரைப் பார்க்கவென்றே தலைநகரத்துப் பெரிய அணியிலிருந்து தொப்பிக்காரர் ஒருவர் வந்து வேலியோரம் நின்றார்.

எண்பத்தெட்டாம் நிமிடம். அதுவரை சமன். தொலைவிலிருந்து ஓர் உதை. தரையோடு தவழ்ந்து, மழைத் தண்ணீரோடு வழுக்கி, வலக் கம்பத்தின் உள்பக்கம் உரசி நுழைந்தது பந்து. வெந்தெலின் பாயாமலா இருந்தார்? பாய்ந்தார்! விரல் நுனிக்கும் பந்துக்கும் இடையே எவ்வளவு? ஒரு சாண்! ஆட்டமும் போயிற்று, மேல்பிரிவும் போயிற்று.

“கோலுக்கு நடுவுல நில்லுடான்னா, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி ஓரத்துல நிக்கிறான்” என்றார் பீர்க்கடை கேய்சா. தொப்பிக்காரர் கடைசி விசிலுக்கு முன்பே காரேறிவிட்டார். அன்று முதல் ஊர் வைத்த பெயர் ‘ஓரத்தான்’. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாற்பத்தெட்டு ஆண்டுகளாகச் சிரிக்கிறோம். இன்று அவர் பயிற்சியாளர் பணியிலிருந்து ஓய்வு பெறும் விழாவிலும் அந்தப் பெயரைத்தானே வாசலில் பேசிக்கொண்டு வந்தீர்கள்?

தண்ணீர் வேண்டாம் அம்மா. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுத்தும் தெரியாது, எண் போட்ட நாடாவும் தெரியாது. கோலின் பாதி அகலத்துக்கு முடிச்சுப் போட்ட சணல் கயிறுதான் என் அளவுகோல். இடக் கம்பத்திலிருந்து அளப்பேன், வலக் கம்பத்திலிருந்தும் அளந்து சரிபார்ப்பேன், இரண்டுக்கும் நடுவே பெனால்டிப் புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் வெந்தெலின் தன் நடுவைப் பிடிப்பார். அன்று காலை மழை. கேய்சா ஆள்மேல் ஆள் அனுப்பினார்: கடைக் கூரையில் ஏறி டிவி ஏரியலைப் பிடிக்க வேண்டும், மாலைக்குள் பெல்கிராது தெரிய வேண்டும். நான் இடப்பக்கம் மட்டும் அளந்தேன். புள்ளி வைத்தேன். ஓடினேன்.

நனைந்த சணல் சுருங்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்! ஆடு கட்டுகிறவனுக்கும் தெரியும்!

மறுநாள் வெயிலில் கயிறு காய்ந்தது. மறுபடி வைத்துப் பார்த்தேன். முடிச்சு பழைய புள்ளிக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்தது. பழைய புள்ளியைச் சுரண்டினேன். புதிய புள்ளி வைத்தேன். வாயை மூடினேன். இன்றுதான் திறக்கிறேன்.

பெரிய அணி கூப்பிடவில்லை. நம் கோலிலேயே ஒன்பது ஆண்டுகள் நின்றார். மணிக்கட்டு முறிந்தது, பயிற்சியாளர் ஆனார். அவர் வளர்த்த கோல் காவலர் நால்வர் முதல் பிரிவில் ஆடினார்கள். அவர்களுக்கு முதல் பாடம் என்ன? பந்தைப் பிடிப்பதா? இல்லை! இடக் கம்பத்தைத் தொடு, எட்டு வைத்து வலக் கம்பம் வரை போ, பாதி திரும்பி வா, குதிகாலால் கீறு. வெள்ளைப் புள்ளிதான் இருக்கிறதே என்று ஒருவன் கேட்டபோது, கோடு போட்டுக்கொண்டிருந்த என் காதுபடச் சொன்னார்:

“புள்ளி வெச்சவரும் மனுஷன்தான். மழை பெய்யலாம். நீயே அளந்துக்கோ.”

மழை பெய்யலாம்! அந்தச் சொல் முப்பது ஆண்டுகளாக என் நெஞ்சில் பந்தாக மோதுகிறது. தெரிந்து சொன்னாரா? தெரியாமல் சொன்னாரா? தெரிந்திருந்தால் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? சமையற்கட்டில் பாலாடைக்கட்டி உருண்டை ஆறட்டும் தாய்மார்களே, இதைக் கேட்காமல் இறங்கமாட்டேன். வெந்தெலின், உங்களுக்குத் தெரியுமா?

எழுந்துவிட்டார். அமைதி, அமைதி.

பின்வரிசைக்குக் கேட்டதா? அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சதுமே எட்டு வெச்சுப் பாத்துட்டேன் மாமா. கம்பத்தைத் தொட்டுப் பாக்காதது என் தப்பு. கோல்கீப்பர் நடுவைத் தானே தேடணும்.” இன்னும் என்ன சொன்னார்? “ஏரியலை நல்லாத்தான் பிடிச்சீங்க. கோப்பை தெளிவாத் தெரிஞ்சுது.”

கேட்டீர்களா யாசென்கா மக்களே? ஓரத்தில் நின்றவர் அவரல்லர். ஓரத்தில் ஒளிந்தவன் நான்! இனி ‘ஓரத்தான்’ என்று கூப்பிட வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள்.

பேச இடம் தந்த தலைவிக்கு நன்றி. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. அன்று நம் சட்டை போட்டு நின்ற பதினொருவரில் பத்துப் பேர் தேவாலயத்து மேட்டில் உறங்குகிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். மன்னிப்புக் கேட்க எனக்கு மீந்திருப்பவர் ஒரே ஒருவர். எழுந்து நின்று கை தட்டுங்கள்: வெந்தெலின் கிராய்ச்சிக்!