ஏரிக்கரைச் சரிவில் எடுத்த படம்

எலுமிச்சம்பழம் வாங்கும்போது நான் தோல் மெல்லியதாகப் பார்த்துத்தான் எடுப்பேன். தடித்த தோல் பழம் டயருக்கு அடியில் நசுங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். புது வண்டி எடுக்க வந்தவர்களின் முகம் அப்போது வாடிப்போகும். செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் எங்கள் ஷோரூமில், டெலிவரிக்கான பழம், பூ, கற்பூரம் எல்லாவற்றையும் நான்தான் வாங்குவேன். அது என் வேலை இல்லை. என் வேலை விளம்பரம். ஆனாலும் ஒரு குடும்பம் சந்தோஷமாக வண்டியேறிப் போவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

டீ வாங்கிக் கொடுத்து, அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் பார்த்திபன் என்றீர்கள். சொல்கிறேன் சார். என் தங்கை ஜெயப்பிரியா இறந்துபோனதற்காக அவள் கணவர் கோதண்டராமனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். 'நான்தான் ஓட்டினேன்' என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். வராது. ஓட்டியது அவர்தான். இருந்தாலும் அவரை நீங்கள் விட்டுவிட வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் நானாக நடந்து வந்திருக்கிறேன்.

முதலில் மாமல்லபுரத்தில் ஒரு வீடியோ எடுத்தோம். நீங்களும் பார்த்திருக்கலாம். சிற்பப் பட்டறை ஒன்றில் செதுக்கிய பெரிய நந்தியை லாரியில் ஏற்றி, அந்த லாரியை எங்கள் பிக்கப் தன்னந்தனியாகக் கட்டி இழுக்கும். பின்னால் கடல் தெரியும். யோசனை முழுக்க என்னுடையது.

அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சமதரையில், காற்று நிறைந்த டயரில் நிற்கிற எதையும் மெதுவாக இழுத்துவிடலாம். உருள ஆரம்பித்துவிட்டால் அப்புறம் பாரம் தானாக வரும். நாங்கள் தேர்ந்தெடுத்த சாலை கண்ணுக்குத் தெரியாத அளவு இறக்கமாகவும் இருந்தது. கஷ்டம் இழுப்பதில் இல்லை, நிறுத்துவதில்தான். அதற்காக லாரிக்குள் டிரைவர் எல்லப்பன் குனிந்து உட்கார்ந்திருந்தார். லாரி எஞ்சினும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இல்லாவிட்டால் அதற்குக் காற்று பிரேக் பிடிக்காது. அந்தச் சத்தத்தைப் பாட்டுப் போட்டு மறைத்தோம்.

"நீங்கோ இழுக்கறா மாரி இழுங்க அண்ணாத்த, நான் நிக்கிறா மாரி நிறுத்திக்கிறேன். சம்பளம் மட்டும் ரெண்டு வண்டிக்கும் சேத்து குட்த்துடுங்க" என்றார் எல்லப்பன். எல்லோரும் சிரித்தோம்.

வீடியோ நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் யாரோ ஒருவன் லாரிக் கண்ணாடியில் எல்லப்பனின் தலை தெரிவதை வட்டம் போட்டுக் காட்டிவிட்டான். 'உள்ள ஆளு கீறான்டா டோய்' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஆயிரம் பேர் சிரித்தார்கள். ஷோரூமில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் உள்ளே வரும்போது பேச்சு நின்றுவிடும். எனக்குத் தூக்கம் குறைந்தது. பொய் சொல்லிவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள் சார். இதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் அந்த வருத்தத்தில் செய்தது.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை போன் செய்தார். அச்சரப்பாக்கம் பக்கத்தில் அவருக்கு நிலம் இருக்கிறது. அதோடு கடற்கரைப் பக்கம் போடுகிற மனைகளுக்கு வேலிக்கல் ஏற்றி அனுப்புவார். கருங்கல் கம்பங்கள். டிராக்டரும் டிரெய்லருமாகப் புதுப்பட்டினம் போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"இன்னா மச்சான், உன் வண்டியப் பத்தி இன்னான்னமோ எழுதிகினு கீறானுங்க? நம்ம டிரெய்லர மாட்னா நெசமாவே இழுக்குமா?"

"இழுக்கும் மாப்ள" என்றேன்.

அது பொய் இல்லை. இழுக்கும். நிற்குமா என்று அவர் கேட்கவில்லை.

டிராக்டர் டிரெய்லருக்கு பிரேக் கிடையாது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். டிராக்டரின் கனமும் மெதுவான நடையும்தான் அதை அடக்கிப் பிடிக்கின்றன. எங்கள் பக்கத்தில் யாரும் அதை அப்படி யோசிப்பதில்லை. டிரெய்லர் என்றால் டிரெய்லர், எதில் மாட்டினால் என்ன என்பார்கள். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். பிரேக் இல்லாத டிரெய்லரில் எவ்வளவு கொஞ்சமாக ஏற்ற வேண்டும் என்று வண்டியோடு தரும் புத்தகத்தில் போட்டிருப்பதை நான் படித்திருக்கிறேன். என் பேச்சை நம்பி மாப்பிள்ளை எங்கள் ஷோரூமில் எடுத்த புது பிக்கப்புக்குப் பின்னால் கொக்கி பொருத்த ஆள் பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

இரண்டாவது வீடியோ எனக்கு அப்போது தோன்றியது. யாரும் வட்டம் போட்டுக் காட்ட முடியாத ஒன்று. உண்மையான விவசாயி, உண்மையான கல், உண்மையான குடும்பம். எங்கள் வழக்கத்தில், புது வண்டி ஊருக்குள் வரும்போது வீட்டுப் பெண் எல்லையில் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டும். அவள் வண்டியிடம் போகக்கூடாது. வண்டிதான் வந்து அவள் முன்னால் நிற்க வேண்டும். அவர்கள் ஊர் எல்லை, ஏரிக்கரைச் சாலை கீழே இறங்கி முடிகிற இடம். பாரத்தோடு கரையில் ஏறி, சரிவில் இறங்கி, ஆரத்திக்கு முன் வந்து நிற்கிற வண்டி. இதைவிட நல்ல படம் கிடைக்காது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜெயா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டு, நடுவில் வெற்றிலைமேல் கற்பூரம்.

"இன்னாண்ணா, என்னை ஈரோயின் ஆக்கலாம்னு முடிவு பண்ணிட்டியா? வெயில்ல நிக்க வெச்சிட்ட. ஒரு ஜூஸாவது வாங்கிக் குடு" என்றாள்.

அவள் நிற்க வேண்டிய இடத்தில் கோலமாவால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அதற்குச் சற்று முன்னால், டயர் வந்து நிற்க வேண்டிய இடத்தில் எலுமிச்சம்பழங்களை வைத்தேன்.

முதல் தடவை மாப்பிள்ளை மிக மெதுவாக இறங்கினார். அப்படியும் வண்டி குறிக்கு முன்னால் நிற்கவில்லை. எலுமிச்சம்பழங்களைத் தாண்டி, குறியையும் கொஞ்சம் தாண்டித்தான் நின்றது. ஜெயா பின்வாங்கிவிட்டாள். தட்டிலிருந்து ஆரத்தித் தண்ணீர் அவள் கையில் சிந்தியது.

"யோவ், என்னைப் போட்டுத் தள்ளிட்டு ரெண்டாவது கட்டிக்கலாம்னு பாக்கறியா?" என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. இறங்கி வந்து டிரெய்லரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், பின்னாலேந்து நெட்டித் தள்ளுது. பாதிக் கல்ல எறக்கி வெச்சிட்டு எட்த்துக்கலாமா?"

வேண்டாம் என்றேன். பாதிக் கல்லோடு எடுத்தால் அது மறுபடியும் ஏமாற்றுதானே சார். அதிலிருந்து வெளியே வரத்தானே இவ்வளவு பாடு. ஜெயாவைத் தள்ளி நிற்க வைத்து எடுக்கலாம் என்றும் சொன்னார். தள்ளி நின்றால் படத்தில் வண்டியும் அவளும் சேர்ந்து வரமாட்டார்கள். அதுவும் வேண்டாம் என்றேன். அதோடு, மெதுவாக வந்தால் வண்டி திணறுவது போலத் தெரிகிறது, இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக வாங்க என்றேன். அவர் என்னைப் பார்த்தார். படித்தவன், வண்டிக் கம்பெனி ஆள், பெண்டாட்டியின் அண்ணன். சரி என்று தலையாட்டிவிட்டு மேலே போனார்.

பிறகு ஜெயாவிடம் போய்ச் சொன்னேன். "பின்னாடி போகாத ஜெயா. நீ நகந்தா வண்டி நிக்கலன்னு ஆயிடும். அப்புறம் அதையே புடிச்சிகினு எழுதுவானுங்க."

"செரி, நவுர மாட்டேன் போ. அதான் நீ கீற இல்ல" என்றாள்.

தட்டில் மறுபடி தண்ணீர் ஊற்றினோம். கற்பூரம் நான்தான் ஏற்றினேன். நான் பக்கவாட்டில் நடந்து போய் போனைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டி கரைமேல் தெரிந்தது. வெயில் கண்ணாடியில் பட்டு மின்னியது. பாதிச் சரிவிலேயே மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் நின்றதை நான் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை. பின்னால் இருந்த கல் அதை முன்னே தள்ளிக்கொண்டு வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவர் செய்யக்கூடியது எல்லாவற்றையும் செய்தார் சார். அதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

ஜெயா வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நகரலாமா என்று கேட்கிற பார்வை. சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போதும் அப்படித்தான் பார்ப்பாள். நான் சொல்லாமல் காலை எடுத்து வைக்கமாட்டாள்.

என் வலது கையில் போன் இருந்தது. இடது கை உயர்ந்திருந்தது, அப்படியே நில் என்று. அது நிற்காது என்று எனக்குப் பாதிச் சரிவிலேயே தெரியும். ஒரு சத்தம் போட நேரம் இருந்தது. ஒருவேளை நின்றுவிட்டால், அந்தச் சத்தம் படத்தைக் கெடுத்துவிடுமே என்று நினைத்தேன். இதை எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்துப் பார்த்தேன். வேறு மாதிரி சொல்ல வரவில்லை. கையை நான் இறக்கவில்லை. அவள் நகரவில்லை.

அன்று உங்கள் ஏட்டையா விசாரித்தபோது, மாப்பிள்ளை கொஞ்சம் வேகமாகத்தான் வந்தார் என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை. வேகமாக வரச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. இப்போது நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன்: நான்தான். கொக்கி, கல், வேகம், குறி, அவள் நின்ற இடம், எல்லாமே நான் முடிவு செய்தவை. என் தங்கையைக் கொன்றது நான். மாப்பிள்ளையை அனுப்பிவிடுங்கள். வீட்டில் அடுப்பு மூட்ட ஆள் இல்லை, மாடு கட்டின இடத்திலேயே கத்திக்கொண்டிருக்கிறது.

போனை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எதையும் அழிக்கவில்லை, முழுப் படமும் அதில் இருக்கிறது. கேட்பதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜெயாவுக்குக் காரியம் முடிந்த மறுநாள் அதில் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்து ஷோரூமின் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். வண்டி பாரத்தோடு கரைமேல் ஏறி வந்து தெரிவது வரைக்கும்தான். ஜெயா அதில் இல்லை, சரிவு இல்லை, ஒரு ஒட்டு வேலையும் இல்லை. நிறைய பேர் பார்த்திருக்கிறார்கள், இதுவரை ஒருவர்கூட ஏமாற்று என்று எழுதவில்லை. எழுத முடியாது. இழுத்தது உண்மைதானே சார்.