அன்ரி வீட்டு நடுக்கள வீரன்

2021 ஆகஸ்ட் ஏழாம் திகதி, சனிக்கிழமை, கெலம் அட்கின் என்ற பதினெட்டு வயதுக் கால்பந்தாட்டக்காரன் தோர்ண்டன் ஹீத்தில் உள்ள எங்கள் வீட்டின் பின்னறைக்குக் குடிவந்தான். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை, கக்கத்தில் ஒரு தலையணை. தலையணை எதற்கென்று கேட்டேன். வேறு தலையணையில் தனக்கு நித்திரை வராது என்றான். கொஞ்ச நாளில் அதை நான் எறிந்துவிட்டேன். அவன் தேடவில்லை.

சுவாமி, பாவசங்கீர்த்தனத்தில் செய்த பாவத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லவேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் கவுன்சில் நூலகத்தில் வேலை செய்தவள். எதையும் முதலிலிருந்து ஒழுங்காக அடுக்கினால்தான் எனக்கு விளங்கும்.

வெளியூரிலிருந்து வரும் இளம் ஆட்டக்காரர்களைக் கால்பந்துக் கழகங்கள் இப்படிக் குடும்பங்களோடு தங்க வைப்பது வழக்கம். எங்கள் மகன் நிஷாந்த் ரொறன்ரோவுக்குப் போன பிறகு அறை சும்மா கிடந்தது. தென்லண்டனில் மூன்றாம் பிரிவில் ஆடும் ஒரு கழகம் வீட்டை வந்து பார்த்தது, பிடித்துக்கொண்டது. கெலம் இங்கிலாந்தின் வடக்கு மூலையில் இருந்து வந்தவன். தாய் மறுமணம் செய்துவிட்டாள். அங்கே அவனுடைய அறையில் இப்போது ஒரு உடற்பயிற்சி இயந்திரம் நிற்கிறதாம்.

அவன் நடுக்களத்தில் ஆடுபவன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓயாமல் ஓடுவதுதான் அவனுடைய தொழில். முதுகில் ஒரு கருவியைக் கட்டிவிட்டு, எவ்வளவு ஓடினான் என்று கழகத்தில் அளப்பார்கள். அளந்துவிட்டு அவித்த கோழியும் பச்சைப் பூக்கோவாவும் சாப்பிடச் சொல்வார்கள். நான் அதைச் சமைத்தேன். கூடவே எங்களுக்குச் சமைத்ததையும் மேசையில் வைத்தேன். எதை எடுப்பது என்பது அவனுடைய விருப்பம்.

"இன்னும் கொஞ்சம் போடட்டே, தம்பி?"

"காணும், அன்ரி. காணும்."

அவனுக்குத் தெரிந்த தமிழ் இந்த இரண்டு சொல்லும்தான். மிச்சமெல்லாம் ஆங்கிலம். காணும் என்றவனுடைய கோப்பையில் இன்னொரு அகப்பை போடாமல் விடுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. குத்தரிசிச் சோறு, ஆட்டுக்கறி, வெள்ளிக்கிழமைகளில் நண்டு போட்ட ஒடியற்கூழ். அடுத்த வருடம் ஒரு பெரிய கழகம் முதல்முறையாக, அவனை எடுக்கலாமா என்று பார்க்க ஆள் அனுப்பியது. அதற்கு முதல்நாள் நான் கூழ் காய்ச்சினேன். வெள்ளிக்கிழமை என்பதால் காய்ச்சினேன்.

மறுநாள் என் கணவர் யாக்கோப்பு தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும் றோஸ்மலர், உவன் பந்துக்குப் பின்னால ஓடுறானோ, தேருக்குப் பின்னால நடக்கிறானோ?"

பார்க்க வந்தவர் இடைவேளையோடு எழும்பிப் போய்விட்டாராம். கெலம் அன்று நேரத்துக்கே வீட்டுக்கு வந்து எங்களோடு இருந்து புட்டுச் சாப்பிட்டான். நல்ல மாலை அது.

ஆனால் சுவாமி, கால்பந்தை நான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. ஓட முடியாமல் போனபோது அவன் நின்ற இடத்தில் நின்று யோசிக்கத் தொடங்கினான். பந்து வருவதற்கு முன்பே அதை எங்கே அனுப்புவது என்று பார்த்துவைத்தான். வந்ததும் ஒரே தட்டு, நாற்பது மீற்றர் தள்ளி நிற்பவனுடைய காலடியில் போய் விழும். பயிற்றுநர் அவனைப் பின்வரிசைக்கு முன்னால் நிறுத்தி, அணி முழுவதையும் அவனைச் சுற்றி ஆட வைத்தார். இந்த வயதில் இப்படி ஒரு மூளையைத் தான் கண்டதில்லை என்று பத்திரிகைக்குச் சொன்னார்.

"உம்மட ஆட்டுக்கறிதான் அவனை மூளைக்காரன் ஆக்கினது," என்றார் யாக்கோப்பு. "கொஞ்சம் விட்டால் இங்கிலாந்து அணிக்கே அனுப்பிப்போடுவீர்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வருடம் மாசி மாதம் வடக்கில் ஒரு பெரிய கழகம் அவனைக் கேட்டது. பருவம் முடிந்து ஆனி மாதம் போவதாக ஏற்பாடு. அவன் சமையலறைக்குள் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். அடுப்பில் கத்தரிக்காய் கருகியது. அங்கே தனியாக ஒரு அடுக்குமாடி வீடு, பெட்டியில் வரும் சாப்பாடு, பெரிய கைக்கடிகாரம் கட்டிய ஏஜென்ட். இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு இது நல்லதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரேயொரு குறை சொல்லியிருந்தார்கள். உடம்பைக் கொஞ்சம் இறக்கவேண்டுமாம்.

"அன்ரி, நான் மெலிய வேணும். உதவி செய்வீங்களா?" என்று அவனே கேட்டான். கேட்டவன் அவன். இதை நீங்கள் மறக்கக்கூடாது.

யாக்கோப்புக்கு இதயம் பலவீனம். காலில் நீர் கோக்கும். அதற்கு வைத்தியர் தண்ணிக்குளிசை கொடுத்திருக்கிறார். அது உடம்பிலுள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். நான் யாக்கோப்புக்குப் பாதியைக் கொடுத்து, மற்றப் பாதியைப் பொடியாக்கிக் கெலமுடைய இரசத்தில் போட்டேன். மிளகும் உள்ளியும் கொஞ்சம் கூட்டினால் ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்தில் அவனுடைய கன்னம் ஒட்டியது. இரசத்தைப் புகழ்ந்து கழகத்தில் எல்லோருக்கும் சொன்னான்.

யாக்கோப்பு கதிரையில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு ஒருநாள் சொன்னார்: "என்ர கால் வீங்குது, அவன்ர கால் மெலியுது. இதென்ன புதுமை?"

"குளிர் காலம் எண்டால் வீங்கும். பேசாமல் இருங்கோ," என்றேன்.

பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிந்ததும் ஊக்கமருந்துப் பரிசோதகர்கள் வந்து நின்றார்கள். இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். அதில் ஒருவன் கெலம். ஓடிக் களைத்தவர்களுக்கு லேசில் சிறுநீர் வராதாம். மற்றவன் தண்ணீரைக் குடித்துக் குடித்து நெடுநேரம் காத்திருந்திருக்கிறான். கெலம் போன கையோடு குப்பியை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து அதைப் பகிடியாகச் சொன்னான். யாக்கோப்பு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு முடிவு வந்தது. தண்ணிக்குளிசையைத் தடைசெய்து வைத்திருக்கிறார்கள். வேறு மருந்துகளைக் கழுவி மறைக்க அதை எடுப்பார்களாம். வடக்குக் கழகம் ஏற்பாட்டை நிறுத்திவைத்தது. இங்குள்ள கழகம் ஒப்பந்தத்தை முறித்தது. பத்திரிகைகள் எழுதின. தாய் தொலைபேசியில், உண்மையைச் சொல்லிவிடு என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அன்று பின்வளவில் ஈரப் புல்லில் குந்திக்கொண்டிருந்தான். நான் சுவெட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

"நான் ஒன்றும் எடுக்கவில்லை, அன்ரி. நீங்களாவது நம்புகிறீர்களா?"

"உன்னை நான் நம்பாமல் வேற ஆர் நம்புறது?" என்றேன்.

அது சத்தியம். அவனை முழுவதாக நம்பியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

ஆடி மாதம் விசாரணை நடந்தது. நானும் சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருந்தேன். மருந்து எப்படி உடம்புக்குள் வந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. இரண்டு வருடத் தடை. அதன்பிறகு பிரசாந்தினி என்ற சட்டத்தரணி, எங்கள் தமிழ்ப் பிள்ளை, மேன்முறையீட்டுக்காக வீட்டுக்கு வந்தாள். மருந்து வந்த வழியைக் காட்டினால் தடை நீங்கலாம், வடக்குக் கழகம் இந்த மாதக் கடைசி வரை அவனுடைய இடத்தை வைத்திருக்கிறது என்றாள். கெலம் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலை ஆட்டிக்கொண்டு இருந்தான்.

"அன்ரி, வீட்டில ஆராவது தண்ணிக்குளிசை பாவிக்கினமோ?"

"ஓம், பிள்ளை. இவர் போடுறவர்."

"அது எங்க இருக்கும்?"

"அலுமாரியில, பூட்டித்தான் வைச்சிருக்கிறன். கழகம் சொன்ன நாளில இருந்து." கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு தொங்கும் திறப்பை எடுத்துக் காட்டினேன். "இதைவிட வேற திறப்பு இல்லை."

"சமைக்கேக்க தவறி விழுந்திருக்குமோ?"

"தவறி ஒருநாளும் விழாது."

அவள் எழுதிக்கொண்டாள். கெலம் அவளிடம், அன்ரியைப்போலக் கவனமான ஆள் கிடையாது என்றான். போகும்போது, உங்களைப்போல எல்லா வீடும் இருந்தால் எவ்வளவு நல்லது என்று சொல்லி அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். சுவாமி, அந்தப் பிள்ளையிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

பூட்டி வைக்கச் சொன்னது எப்போது என்று நீங்கள் கேட்கக்கூடும். அவன் வந்த முதல் மாதமே. கழகம் எங்களைப்போன்ற குடும்பங்களுக்கு ஒரு கூட்டம் வைத்தது. நான்தான் கையைத் தூக்கிக் கேட்டேன், கணவர் தண்ணிக்குளிசை போடுகிறார், அதனால் ஏதும் தொந்தரவு வருமா என்று. அந்த வெள்ளைக்காரப் பெண் விளக்கமாகச் சொன்னாள். பூட்டிவையுங்கள், தப்பித்தவறி அவனுடைய உடம்பில் போனால் இரண்டு வருடம் ஆட முடியாது என்றாள். ஆட்டக்காரர் எவர் மீதும் சந்தேகம் இருந்தால், பெயர் சொல்லாமலே அழைத்துச் சொல்லலாம் என்று ஒரு தொலைபேசி இலக்கத்தையும் தந்தாள்.

பரிசோதகர்கள் அன்று தற்செயலாக வந்தார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை, இரசத்தை இறக்கி வைத்துவிட்டு, நான் அந்த இலக்கத்துக்கு அழைத்தேன். மறுமுனையில் பேசியவர் மிகவும் மரியாதையானவர். நன்றி சொன்னார்.

யாக்கோப்பிடம் குளிர் என்று பொய் சொன்னேன். அவருடைய மருந்தில் பாதியைக் குறைத்தேன். அவர் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். இந்த இரண்டு பாவங்களுக்கும் மனம் வருந்துகிறேன். கெலமைப் பற்றிச் சொன்னதெல்லாம் நீங்கள் விளங்கிக்கொள்வதற்காக. அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

இதை வெளியே சொன்னால் அவன் காப்பாற்றப்படுவான் என்று நீங்கள் இப்போது யோசிப்பீர்கள். இங்கே கேட்டதை நீங்கள் வெளியே சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அப்படிச் சொல்ல முடிந்திருந்தாலும் பலன் இல்லை. மருந்து வந்த வழி தெரியாமலே மேன்முறையீட்டுக் காலம் நேற்று மாலை ஐந்து மணியோடு முடிந்தது. யாக்கோப்பின் தம்பி ஜீவரத்தினத்துக்குக் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மொத்த வியாபாரக் கடை இருக்கிறது. திங்கட்கிழமை முதல் கெலம் அங்கே அரிசி மூட்டை இறக்குவான். எங்கள் வீட்டில் இருந்தே போய்வருவான்.